450இல் வரும் குருவி

இலங்கை மலையகத்து ஹட்டனில் ரயில் ஏறிக் கொட்டகலைப் பக்கம் போனால் கொஞ்ச நேரத்தில் சிங்கமலைச் சுரங்கம் வந்துவிடும். பெட்டி இருட்டும், பொடியன்கள் கூச்சல் போடுவார்கள், போனில் சிக்னல் போய்விடும். ஒருநாள் என் பக்கத்தில் இருந்த பையன் மட்டும் கூச்சல் போடவில்லை. இணைப்பு இல்லை என்று திரை சொன்னதும் அங்கே நிற்கும் டைனோசரைத் தட்டி ஓடவிட்டான். சுரங்கம் முடிந்து வெளிச்சம் வந்த பிறகும் தலையைத் தூக்கவில்லை. கடைசியில், "ச்சே, மறுபடியும் இந்தக் குருவி!" என்று போனைத் தொடையில் அடித்தான்.

அந்தக் குருவியை எனக்கு நன்றாகத் தெரியும். தேயிலைத் தோட்டப் பாடசாலை ஒன்றில் தகவல் தொழில்நுட்பம் படிப்பிக்கிறேன். 2020 மார்ச்சில் கொரோனாவுக்காகப் பாடசாலைகளை மூடியபோது, எங்கள் தோட்டத்தில் ஏழாம் நம்பர் மலை உச்சியில் மட்டும்தான் சிக்னல் கிடைத்தது. பிள்ளைகள் குடையோடு அங்கே ஏறிப்போய் உட்கார்ந்து நான் அனுப்பும் பாடத்துக்காகக் காத்திருப்பார்கள். பாடம் வந்ததைவிட டைனோசர் வந்ததுதான் அதிகம். "சேர், இன்னைக்கு எண்ணூறு அடிச்சேன்" என்று எனக்கே பெருமையாகச் செய்தி அனுப்புவார்கள். கோபப்படத்தான் நினைத்தேன். ஆனால் எனக்கும் அன்றைக்கு அறுநூறுதான்.

கூகுள் குரோம் உலாவியில் 2014இல் சேர்த்த விளையாட்டு இது. கள்ளிச்செடி வந்தால் தாண்ட வேண்டும், அவ்வளவுதான். இதற்குள் என்ன இருக்கிறது என்று பார்க்க ஒருநாள் அதன் நிரலை எடுத்து வாசித்தேன். குரோமின் அடித்தளமான குரோமியம் திறந்த மூலம் என்பதால் யாரும் வாசிக்கலாம். தொடங்கி முதல் 3 விநாடிக்கு எந்தத் தடையும் வராது. ஓட்டத்தின் வேகம் 6இல் ஆரம்பித்து, திரையில் வரையும் ஒவ்வொரு ஃபிரேமுக்கும் 0.001 வீதம் ஏறி, 13இல் நின்றுவிடும். கணினியில் அதற்குச் சுமார் 2 நிமிடம். வேகம் கூடக்கூட இரண்டு தடைகளுக்கு இடையிலான குறைந்தபட்ச இடைவெளியும் கூடும். ஒரே வகைத் தடை அடுத்தடுத்து இரண்டு தடவைக்கு மேல் வராது. விளையாடுகிறவன் மூச்சு விடட்டும் என்று யாரோ கணக்குப் போட்டிருக்கிறார்கள்.

தோட்டத்து ரோட்டைப் பார்த்தவர்களுக்கு இது சட்டென்று விளங்கும். லொறி ஏற வேண்டிய பாதையை மலையைச் சுற்றிச் சுற்றித்தான் வெட்டியிருப்பார்கள். உயரம் ஏறுவது காலுக்குத் தெரியாது. லயம் என்ற வரிசை வீடுகளின் பிள்ளைகள் ஓடும் குறுக்குப்பாதை நேர் ஏற்றம், பத்து எட்டில் மூச்சு வாங்கும். விளையாட்டும் அப்படித்தான். சுற்றுப்பாதையில் போய்க்கொண்டிருந்தவனை, சொல்லாமல் கொள்ளாமல் குறுக்குப்பாதையில் ஏற்றிவிட்டால், போன் தொடையில் அடிபடும்.

இந்த டைனோசருக்கும் அப்படி ஓர் இடம் உண்டு. வேகம் 8.5ஐத் தொட்டால்தான் குருவி வரும். உண்மையில் அது டெரோடக்டைல், அந்தக் காலத்துப் பறக்கும் ஊர்வன. எங்கள் பிள்ளைகளுக்குக் குருவி. கணினியில் கணக்குப் பார்த்தால் ஏறத்தாழ 450 புள்ளியில் அந்த வேகம் வருகிறது. குருவி மூன்று உயரத்தில் பறக்கும். தாழப் பறந்தால் தாண்ட வேண்டும். நடுவில் வந்தால் குனியலாம். உயரத்தில் வந்தால் ஒன்றுமே செய்யத் தேவையில்லை, தலைக்கு மேலே போய்விடும். சிக்கலே அங்கேதான். அதுவரை நாற்பது விநாடியாக எதைக் கண்டாலும் குதி என்று கள்ளிச்செடி நம் கட்டைவிரலைப் பழக்கி வைத்திருக்கிறது. குருவியைக் கண்டதும் விரல் தானாகத் தட்டும், டைனோசர் எழும்பிப் போய் முட்டும். சும்மா இருந்திருந்தால் பிழைத்திருப்போம். 700இல் திரை வேறு பகல் இரவாக மாறும், பனி மூடின ஹட்டன் மாதிரி. அதிலும் கொஞ்சப் பேர் விழுவார்கள்.

இவ்வளவு எரிச்சல் மூட்டினாலும் இந்தக் குருவி நியாயமான எதிரி என்றே சொல்வேன். காரணம் அதே நிரலில் ஒரு வரியில் இருக்கிறது. கணினிக்கு மூன்று உயரம் குறித்தவர்கள், போனுக்கு இரண்டுதான் குறித்திருக்கிறார்கள். நடு உயரம் இல்லை. தொடுதிரையில் குனிவதற்குப் பொத்தான் இல்லையே! அதனால் குனிந்து தப்பும் அந்த நடுக் குருவியைப் போனுக்கு அனுப்புவதில்லை. கையில் இல்லாத ஆயுதத்தைக் கேட்கிற எதிரியை எடுத்துவிட்டார்கள். செத்தவனுக்குத் தான் ஏன் செத்தான் என்று தெரிய வேண்டும், அடுத்த தடவை தப்ப ஒரு வழியும் இருக்க வேண்டும். எனக்குத் தெரிந்து இதற்கு மேல் ஒரு விளையாட்டிடம் கேட்க ஒன்றுமில்லை.

நியாயமில்லாத எதிரியை நான் பார்த்தது 2009இல். உயர்தரப் பரீட்சை எழுதிவிட்டு ஹட்டன் பஜாரில் ஒரு கொமியுனிகேஷன் கடையில் நின்றேன். போட்டோ கொப்பி, ரீலோட், மூலையில் நாலு பழைய கணினி. ஆள் இல்லாத நேரம் 'வேர்ல்ட்ஸ் ஹார்டஸ்ட் கேம்' ஆடுவேன். உலாவிக்குள் ஃபிளாஷில் ஓடும் விளையாட்டு. ஒரு சிவப்புச் சதுரம், அதைக் கொல்ல அலையும் நீல உருண்டைகள், 30 கட்டம். எத்தனை தடவை செத்தோம் என்று மேலே எண்ணிக்கொண்டே இருக்கும். மூலைக் கணினியில் பாதிக் கட்டங்களைத் தாண்டி, கடைப் பையன்களிடம் பெரிய ஆளாகத் திரிந்தேன். பிறகு முதலாளி ஒரு புதுக் கணினி வாங்கினார். அதில் உட்கார்ந்தேன். நாலாவது கட்டத்தைக்கூடத் தாண்ட முடியவில்லை. மவுஸ் சரியில்லை, மேசை ஆடுகிறது என்றெல்லாம் சொல்லிப் பார்த்தேன். யாரும் நம்பவில்லை.

விஷயம் பல வருஷம் கழித்துத்தான் விளங்கியது. அன்றைய ஃபிளாஷ் விளையாட்டுகள் பலவற்றில் ஒவ்வொரு ஃபிரேமுக்கும் உருண்டை இத்தனை புள்ளி நகர வேண்டும் என்றுதான் எழுதியிருப்பார்கள். பழைய இயந்திரத்துக்கு அத்தனை ஃபிரேம் வரைய மூச்சில்லை. உருண்டைகள் தவழ்ந்தன, நான் வீரன் ஆனேன். புதுக் கணினியில் அவை தங்கள் சொந்த வேகத்தில் வந்தன.

இதற்கு ஒரு மூத்த கதை உண்டு. 1978இல் ஜப்பானின் தோமோஹிரோ நிஷிகாதோ 'ஸ்பேஸ் இன்வேடர்ஸ்' செய்தபோது, திரை நிறைய வேற்றுக்கிரகக்காரர்களை நகர்த்த அன்றைய சில்லுக்குச் சக்தி போதவில்லை. சுட்டுச் சுட்டு ஆட்கள் குறையக் குறைய மிஞ்சியவர்கள் வேகமாக நகர்ந்தார்கள். அவர் அதைத் திருத்தாமல் அப்படியே விட்டார். விளையாட்டு போகப்போகக் கடினமாவதற்கு அந்த இயலாமையே வழிகாட்டியானது. நிஷிகாதோவுக்குக் கைகொடுத்த அதே விஷயம்தான் ஹட்டன் பஜாரில் என் மானத்தை வாங்கியது.

இன்னொரு எதிரி திரையில் தெரிவதே இல்லை. 2016இல் வந்த 'ஸ்லிதர் ஐஓ' என்ற பாம்பு விளையாட்டை எங்கள் லயத்தில் ஆடினால், அடுத்தவன் பாம்பு தூரத்தில் இருப்பதாகத் தெரியும்போதே நாம் செத்திருப்போம். எங்கோ இருக்கும் சேவையகத்திலிருந்து தகவல் மலையேறி வருவதற்குள் அவன் திரும்பி நம் தலைக்கு முன்னால் வந்துவிட்டான். நாம் பார்த்தது அவன் சற்று முன்பு இருந்த இடம். பயிற்சி எடுத்தும் பிரயோசனமில்லை. கோபுரத்தை யாராவது பக்கத்தில் நட்டால் உண்டு.

ஃபிளாஷ் 2020 டிசம்பர் 31ஓடு முடிந்தது. அந்தச் சிவப்புச் சதுரத்தை இப்போது 'ரஃபிள்' போன்ற மென்பொருள் வழியாக ஓடவிடலாம். நான் ஓடவிட்டுப் பார்த்தேன். இன்றும் நாலாவது கட்டம்தான்.

இதையெல்லாம் எழுதவைத்தது பத்தாம் வகுப்புப் பையன் ஒருவன். உலாவியிலேயே இயங்கும் 'ஸ்கிராட்ச்' மென்பொருளில் அவன் ஒரு விளையாட்டுச் செய்தான். கூடை சுமந்த ஒரு அம்மா கொழுந்து பறிக்கிறார். வழியில் அட்டைகள், மூன்றாம் கட்டத்தில் சிறுத்தை. சிறுத்தையை எல்லோரும் தாண்டிவிட்டார்கள், அது உறுமிவிட்டுத்தான் வரும். வகுப்பே விழுந்தது இரண்டாம் கட்டத்து அட்டையிடம். இலைப் பச்சையிலேயே அட்டைக்கும் நிறம் அடித்திருந்தான். "உண்மையா அப்புடித்தானே சேர் இருக்கும்? ஒட்டினதுக்குப் பிறகுதானே தெரியும்" என்று வாதாடினான். உண்மைதான். ஆனாலும் ஒட்டுவதற்கு முன் ஓர் இலையாவது அசையட்டும் என்றேன். அடுத்த நாள் அசைந்தது. வகுப்பில் பாதிப் பேர் தாண்டினார்கள்.

வீட்டில் அவன் அம்மாவுக்குக் காட்டியிருக்கிறான். இருபது வருஷமாகக் கொழுந்து பறிக்கிறவர். பார்த்துவிட்டு, "தராசு எங்கடா?" என்று கேட்டாராம். நிறுக்கும்போது ஈரத்துக்கு, சாக்குக்கு என்று கழிக்கிறதும், கிலோ குறைந்தால் அரைப்பேர், அதாவது அரைநாள் சம்பளம், விழுகிறதும் இவன் விளையாட்டில் இல்லை. எவ்வளவு கழிப்பார்கள் என்று முன்கூட்டித் திரையில் காட்டலாமா, கூடாதா என்று என்னிடம் வந்து கேட்டான். காட்டு என்றேன். நாலாம் கட்டம் இன்னும் முடியவில்லை.