குறைந்தால் வெற்றி!

கிரிக்கெட்டில் ஓட்டம் ஏற ஏறக் கைதட்டல் ஏறுகிறது. கால்பந்தில் ஒரு கோல் கூடினால் ஊரே குதிக்கிறது. பரீட்சை மார்க்கும் பாங்கிக் கணக்கும் அப்படியே. கூடினால் சந்தோஷம், குறைந்தால் துக்கம். இந்தப் பொது விதிக்கு விலக்காக ஒரு விளையாட்டு இருக்கிறது. அதில் 110 எடுத்தவர் வாயைத் திறப்பதில்லை. 85 எடுத்தவர் கேட்காதவர்களிடமும் சொல்லிக்கொண்டு போகிறார். 68 எடுத்தவரின் படம் பத்திரிகையில் வருகிறது. கோல்ப் என்னும் அந்த விளையாட்டில் எண்ணிக்கையைக் குறைக்கும் வழியைப் பற்றித்தான் இந்த வாரம் சொல்லப் போகிறோம்.

இதைத் திருவண்ணாமலையில், செங்கம் சாலையில், ரமணாசிரமத்துக்கு அருகில் இருந்துகொண்டு எழுதுகிறோம். "அங்கே கோல்ப் மைதானம் ஏது?" என்று நேயர்கள் கேட்கலாம். நாமும் ஒன்றைக் கண்டதில்லை. ஆனால் மார்கழி, தை மாதங்களில் இந்தச் சாலையில் நடந்தால் பல தேசத்து முகங்களைக் காணலாம். கோல்ப் பித்துப் பிடித்த நாடுகளிலிருந்தெல்லாம் மனிதர்கள் வந்து இங்கே மௌனமாக உட்கார்ந்திருக்கிறார்கள். எதையும் கூட்டிக்கொள்ள அவர்கள் வரவில்லை. உள்ளதைக் குறைத்துக்கொள்ளவே வந்திருக்கிறார்கள். குறைப்பதைப் பற்றி எழுதுவதற்கு இதைவிடத் தகுந்த இடம் ஏது?

ஆசிரமத்துக்கும் விளையாட்டுக்கும் வெகுதூரம் என்றும் எண்ணிவிட வேண்டாம். 1896-ம் வருஷம் செப்டம்பர் 1-ந் தேதி இந்த ஊரில் வந்திறங்கிய வேங்கடராமன் என்ற பிள்ளை, மதுரையில் பள்ளிப் பாடத்தைவிடக் கால்பந்திலும் மல்யுத்தத்திலும் நீச்சலிலும் அதிக நாட்டமுள்ளவராய் இருந்தவர். அவர் எந்தக் கட்சியில் சேர்ந்தாலும் அந்தக் கட்சியே ஜயித்ததால், கூட்டாளிகள் அவருக்குத் 'தங்கக் கை' என்று பெயர் வைத்திருந்தார்கள். அதே பிள்ளை ரமண மகரிஷியான பிறகு கிரிவலம் வரும்போது மிக மெதுவாகவே நடந்தார் என்று உடன் சென்றவர்கள் எழுதி வைத்திருக்கிறார்கள். மலையைச் சுற்றிச் சுமார் 14 கிலோமீட்டர். அதை ஓடி முடித்தவருக்குப் பரிசு ஒன்றும் கிடையாது.

கோல்பும் நடக்கிற விளையாட்டுத்தான். கிரிவலத்தில் ஏறக்குறையப் பாதித் தூரம் நடந்து, வழியில் 18 குழிகளில் பந்தைப் போட வேண்டும். குழியின் வாய் நாலேகால் அங்குலம். பந்தின் குறுக்களவு 1.68 அங்குலம். கையில் 14 கோல்கள் வரையில் வைத்துக்கொள்ளலாம். எத்தனை அடியில் 18 குழிகளையும் முடிக்கிறோம் என்பதே கணக்கு. பெரும்பாலான மைதானங்களில் தேர்ந்த ஆட்டக்காரருக்கு விதித்திருப்பது 70 முதல் 72 அடி வரையில்.

இந்தக் கணக்கில் ஒரு விசித்திரமான சமத்துவம் இருக்கிறது. 250 கஜ தூரம் இடிபோல் முழங்கிச் செல்லும் அடியும் ஒன்று. குழி விளிம்பில் நிற்கும் பந்தை இரண்டு அங்குலம் தள்ளும் அடியும் ஒன்று. 72 அடி என்று விதித்தவர்கள், ஒவ்வொரு குழிக்கும் இரண்டாக 36 அடியைக் குழியைச் சுற்றியுள்ள வழவழப்பான புல்தளத்துக்கே ஒதுக்கியிருக்கிறார்கள். பாதி ஆட்டம் அங்கே நடக்கிறது. ஆனால் பழகுகிறவர்கள் பொழுதில் பாதியை அங்கே செலவிடுகிறார்களா? இல்லை. பெரிய கோலை எடுத்துக் கண் காணாத தூரத்துக்கு அடிப்பதிலேதான் எல்லோருக்கும் ஆசை!

நஷ்டக் கணக்கு

எண்ணிக்கையைக் குறைக்க விரும்புகிறவர் முதலில் வாங்க வேண்டியது புதிய கோல் அல்ல. ஒரு சிறு நோட்டுப் புத்தகம். வீட்டில் பால் கணக்கு எழுதுவது போல, ஆட்டம் முடிந்ததும் வீணாய்ப் போன அடிகளை அதில் எழுத வேண்டும். பந்தின் தலையைத் தட்டியதால் அது பத்து கஜம் உருண்டு நின்றது எத்தனை தரம்? எல்லைக்கு வெளியே போனது எத்தனை தரம்? புல்தளத்தில் இரண்டு அடிக்குப் பதில் மூன்று ஆனது எத்தனை குழிகளில்? 100 எடுக்கிறவர் ஒரு மாதம் இப்படி எழுதிப் பார்த்தால் ஓர் உண்மை புலப்படும். அவரிடம் நல்ல அடிகள் இல்லாமல் இல்லை; கெட்ட அடிகள்தான் அளவுக்கு மிஞ்சி இருக்கின்றன. ஆகையால் சிறந்த அடியை இன்னும் சிறப்பாக்க முயல்வதைவிட, மிக மோசமான அடியை ஒழிப்பதே லாபம்.

எல்லைக்கு வெளியே பந்து போனால் ஓர் அடி அபராதம். அதோடு பழைய இடத்திலிருந்தே மறுபடி அடிக்க வேண்டும். இரண்டு அடி போயிற்று, பந்தோ அங்குலமும் நகரவில்லை! மரங்களுக்கு நடுவே மாட்டிக்கொண்டவர் கிளைகளின் இடுக்கு வழியாகக் குழியையே குறி பார்ப்பதும் இப்படிப்பட்ட சூதாட்டந்தான். புத்திசாலி பக்கவாட்டில் திறந்த வெளிக்குப் பந்தைத் தட்டிவிட்டு, ஓர் அடி நஷ்டத்தோடு தப்பித்துக்கொள்கிறார். வீரர் நாலு அடி நஷ்டப்பட்ட பிறகு அதையே செய்கிறார்.

இங்கே நியாயமாக ஒன்று சொல்ல வேண்டும். கொலம்பியா சர்வகலாசாலைப் பேராசிரியர் மார்க் பிராடி ஆயிரக்கணக்கான ஆட்டங்களைக் கணக்கிட்டு 2014-ல் ஒரு புத்தகம் வெளியிட்டார். சிறந்த ஆட்டக்காரருக்கும் மற்றவர்களுக்கும் உள்ள வித்தியாசத்தில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு, குழிக்கு 100 கஜத்துக்கு அப்பாலிருந்து அடிக்கும் அடிகளால் வருகிறது என்பது அவர் முடிவு. ஆகவே தொலை அடியை அலட்சியம் செய்ய முடியாது. அந்த அடி நேராகப் போக வேண்டும் என்பதுதான் நம் கட்சி. தூரம் போய்த் தொலைந்த பந்தைவிட, கிட்டத்தில் கண்ணெதிரே கிடக்கும் பந்து மேல்.

கையும் கோலும்

பந்து நேராகப் போவதற்கு முதல் உபாயம் பிடியைத் தளர்த்துவது. ஒரு சிறு பறவையைக் கையில் வைத்திருப்பதுபோல் கோலைப் பிடிக்க வேண்டும் என்று அமெரிக்க வீரர் ஸாம் ஸ்நீட் சொல்வதுண்டு. பறந்துவிடவும் கூடாது, நசுங்கிவிடவும் கூடாது. விறகு பிளக்கிறவன் போல் இறுக்கிப் பிடித்தால் மணிக்கட்டு கட்டையாகிவிடும். பந்து வலப்புறமோ இடப்புறமோ ஓடும்.

இரண்டாவது, கோலைப் பின்னுக்குக் கொண்டுபோகும்போது அவசரம் கூடாது. கிணற்றில் நிதானமாய் இறங்கும் வாளிதான் நிறைந்து வரும். வீசி முடித்த பிறகு உடல் தள்ளாடாமல் மூன்று எண்ணும் வரையில் நிற்க முடிகிறதா என்று பார்க்க வேண்டும். முடியாவிட்டால் பலத்தை அளவுக்கு மீறிப் போட்டோம் என்று அர்த்தம்.

மூன்றாவது, தூரத்துக்கு ஏற்ற கோலை எடுப்பது. ஒரு கோலால் வாழ்நாளில் ஒருநாள் 150 கஜம் அடித்தவர், அன்றுமுதல் 150 கஜத்துக்கு அதையே எடுக்கிறார். பந்து குழிக்கு இப்பால் விழுந்துகொண்டே இருக்கிறது. தம் வழக்கமான அடியை அறிந்து, ஒரு படி பெரிய கோலை எடுத்து, மெதுவாய் வீசுவதே உத்தமம்.

புல்தளத்துக்கு வெளியே சில கஜத்தில் பந்து கிடக்கிறதா? அதை ஆகாயத்தில் தூக்க வேண்டாம். தாழ்வாகத் தட்டி, தளத்தில் விழுந்து உருளும்படி விடுங்கள். உருளும் பந்தில் பிசகு குறைவு.

கடைசியாகப் புல்தளம். அங்கே உபயோகமாகும் கோலுக்குப் 'பட்டர்' என்று பெயர். இது கோயில் பட்டர் அல்ல, வெண்ணெயும் அல்ல. எட்டு அடி தூரத்திலிருந்து பந்தைக் குழியில் போடுவதில் உலகத்துத் தொழில் ஆட்டக்காரர்களே பாதித் தரம் தவறுகிறார்கள். ஆகவே நாம் தவறினால் மனம் உடைய வேண்டியதில்லை. முப்பது அடி தூரத்திலிருந்து குழியிலேயே போட வேண்டும் என்று நினைக்காமல், குழியைச் சுற்றி ஒரு தாம்பாளம் இருப்பதாகப் பாவித்து அதற்குள் நிறுத்தினால் போதும். திசை பிசகுவதைவிடத் தூரம் பிசகுவதால்தான் மூன்றாவது அடி வருகிறது.

நம்மவர் காட்டிய வழி

பெங்களூரைச் சேர்ந்த அதிதி அசோக், 2021-ல் நடந்த டோக்கியோ ஒலிம்பிக்கில் உலக வரிசையில் 200-வது இடத்தோடு போய்ச் சேர்ந்தார். தாயாரே மகளின் கோல்பையைச் சுமந்தார். தொலைவு அடிப்பதில் அதிதி அங்கே பின்வரிசை. பட்டரைப் பிடித்தால் முன்வரிசை. 67, 66, 68, 68 என்று நான்கு நாளில் மொத்தம் 269. தங்கம் பெற்ற நெல்லி கோர்டாவுக்கு 267. வெண்கலத்துக்கும் அதிதிக்கும் இடையே நின்றது ஒரே ஓர் அடி! நான்கு நாட்களில் எங்கோ ஓரிடத்தில் வீணான ஓர் அடி. நோட்டுப் புத்தகம் ஏன் வேண்டும் என்பதற்கு இதைவிட என்ன சாட்சி வேண்டும்?

கோல்பையைச் சுமப்பவருக்கு ஆங்கிலத்தில் 'கேடி' என்று பெயர். நம் ஊர்ப் போலீஸ்காரர் அகராதியில் அந்தச் சொல்லுக்கு வேறு பொருள். ஆனால் இந்த விளையாட்டில் நம் தேசத்தின் மானத்தைக் காத்தவர்களில் பலர் இந்தக் கேடிகளே. டில்லியில் பை சுமந்த அலி ஷேர் 1991-லும் 1993-லும் இந்தியன் ஓபன் பந்தயத்தில் வென்றார். பெங்களூரில் பை சுமந்த முனியப்பா 2009-ல் அதே பந்தயத்தில் வென்றார். 1829-ல் தோன்றிய ராயல் கல்கத்தா சங்கத்தில் புல்வெளி பராமரித்தவரின் மகனான சௌராசியா, அங்கேயே ஆட்டம் கற்று, 2016, 2017 இரண்டு வருஷமும் வென்றார். குழிக்கு அருகில் அவர் காட்டும் கைத்திறமையைக் கண்டு தோழர்கள் 'சிப்-பட்-சியா' என்று பெயரையே மாற்றிவிட்டார்கள்.

இவர்களுக்கெல்லாம் மூத்தவர் ஒருவர் தென்னாப்பிரிக்காவில் இருந்தார். டர்பன் நகரத்து இந்திய வமிசத்தவரான பாப்வா சேகோலம் என்பவரும் கேடியாக இருந்தவரே. புத்தகங்கள் வலக்கை கீழே இருக்க வேண்டும் என்கின்றன. இவர் இடக்கையைக் கீழே வைத்துப் பிடித்தார். அந்தத் தலைகீழ்ப் பிடியோடு 1959, 1960, 1964 ஆகிய மூன்று வருஷங்களில் ஹாலந்து தேசத்து ஓபன் பந்தயத்தை ஜயித்தார். 1963-ல் சொந்த ஊரில் நேட்டால் ஓபனையும் வென்றார். ஆனால் வெள்ளையர் அல்லாதார் சங்கக் கட்டடத்துக்குள் நுழையக் கூடாது என்ற காரணத்தால், வென்றவருக்கு மழையில், வெளியே வைத்துக் கோப்பையைக் கொடுத்தார்கள். உள்ளே இருந்தவர்கள் நனையவில்லை. ஆனால் அன்று அவமானப்பட்டவர் வெளியே நின்றவர் அல்ல.

உதகையிலும், 1895-ல் சங்கம் தோன்றிய கொடைக்கானலிலும், சென்னை நந்தனத்திலும் அழகான மைதானங்கள் இருக்கின்றன. பை சுமக்கும் வீட்டுப் பிள்ளைகளுக்கு வாரத்தில் ஒரு காலை நேரமேனும் அவை திறந்திருக்குமானால், அடுத்த முனியப்பா தமிழ்நாட்டிலிருந்தே வரலாம். சங்கத்து அங்கத்தினர்களாகிய கனவான்கள் இதை யோசிக்க வேண்டும். மற்றவர்களுக்கு, கூடத்தில் விரித்த கனத்த ஜமக்காளமும், படுக்க வைத்த ஒரு தம்ளரும், ஒரு பழைய கோலும் போதும். தினம் கால்மணி நேரம், பத்து அடி தூரத்திலிருந்து பந்தை உருட்டிப் பழகலாம். தம்ளர் நசுங்கினால் வீட்டு அம்மாளுக்குப் பதில் சொல்லும் பொறுப்பு மட்டும் நம்முடையதல்ல!