எட்வின் ஹாம்ப்டன்: ஒரு பேண்டு ஆசிரியரின் பணி

அமெரிக்க ஐக்கிய நாட்டின் தென்பகுதியில், மிசிசிப்பி ஆறு கடலை நெருங்கும் இடத்தில் உள்ளது நியூ ஆர்லியன்ஸ் நகரம். பிரெஞ்சுக்காரர்கள் 1718-ல் நிறுவிய நகரம் அது. ஆகவே கத்தோலிக்க வழக்கங்கள் அதன் இரத்தத்தில் ஊறியவை. சாம்பற் புதனுக்கு முந்திய நாளை அங்கே 'மார்டி கிரா', அதாவது கொழுத்த செவ்வாய், என்று அழைப்பார்கள். தபசுக்காலம் தொடங்குமுன் உண்டு களித்து, வேடமிட்டு, வீதியில் ஆடிப்பாடும் நாள். (களிப்புக்குக் காட்டும் ஊக்கத்தை அடுத்த நாற்பது நாட்களின் தபத்துக்கும் எத்தனை பேர் காட்டுகிறார்கள் என்று நாம் கேட்கவில்லை.) அன்று பகலில் வரும் பவனிகளுள் தலையாயது 1872-ல் தொடங்கிய ரெக்ஸ் பவனி. அலங்கார ரதங்களின் இடையிடையே பள்ளிகளின் பேண்டு வாத்தியக் குழுக்கள் அணிவகுத்துச் செல்லும்.

கறுப்பின மாணவர்களின் குழு எதுவும் 1967-ஆம் ஆண்டுவரை அந்தப் பவனியில் நடந்ததில்லை. அப்படியானால் நகரின் பெரிய பவனிகளில் கறுப்பின மக்களுக்கு இடமே இல்லையா எனில், இருந்தது. இரவுப் பவனிகளில் தீவட்டி பிடித்து, வெள்ளையரின் ரதங்களுக்கு வெளிச்சம் காட்டும் இடம் அவர்களுக்கு இருந்தது.

இந்நிலையை மாற்றிய முதல் குழு, ஒரு கத்தோலிக்கப் பள்ளியிலிருந்து வந்தது. புனித அகுஸ்தினார் உயர்நிலைப் பள்ளி கறுப்பின ஆண்பிள்ளைகளுக்காக 1951-ல் திறக்கப்பட்டது. ஆப்பிரிக்க மண்ணில் பிறந்த மறைவல்லுநர் ஒருவரின் பெயரை அதற்குத் தேர்ந்தெடுத்தது மிகப் பொருத்தம். பள்ளியை நடத்தியவர்கள் புனித சூசையப்பர் சபைக் குருக்கள். இங்கிலாந்தில் தோன்றிய மில் ஹில் சபையிலிருந்து 1893-ல் பிரிந்து, அமெரிக்கக் கறுப்பின மக்களிடையே உழைப்பதற்கென்றே தனியாக அமைந்த சபை இது. அதன் தாய்ச்சபையான மில் ஹில் குருக்கள் நம் சென்னை மறைமாநிலத்திலும் நெடுங்காலம் உழைத்தவர்கள். 1911 முதல் 1929 வரை சென்னைப் பேராயராக இருந்த ஏலன் ஆண்டகை அச்சபையினரே.

பள்ளி தொடங்கிய சிறிது காலத்திலேயே பேண்டு ஆசிரியராக வந்து சேர்ந்தார் எட்வின் ஹாம்ப்டன். புனித கேத்தரின் டிரெக்ஸல் 1925-ல் அந்நகரில் நிறுவிய சேவியர் பல்கலைக்கழகத்தில் பயின்றவர். ஐம்பது ஆண்டுகளுக்கும் மேலாக அவர் அந்த ஒரே பள்ளியில், அந்த ஒரே பணியில் நிலைத்திருந்தார். அவர் உருவாக்கிய குழுவுக்கு 'மார்ச்சிங் 100' என்று பெயர். ஊதாவும் பொன்னிறமும் அதன் நிறங்கள். மாணவர்கள் ஆசிரியரை 'ஹாம்ப்' என்று சுருக்கி அழைத்தார்கள்; அன்பு இருந்தால்தான் பெயர் சுருங்கும்.

நடந்துகொண்டே வாத்தியம் வாசிப்பது காண்பதற்கு எளிது, பழகுவதற்குக் கடினம். டிரம்பெட்டும் டிராம்போனும் உதட்டின் அதிர்வால் ஒலிப்பவை. நடையின் அதிர்ச்சி உதட்டைத் தொட்டால் சுரம் நடுங்கிவிடும்; எனவே இடுப்புக்கு மேல் உடல் அசையாமல், பாதம் மட்டும் தவழ்வதுபோல் நடக்கப் பழக வேண்டும். சூசபோன் என்னும் பெருங்குழலைத் தோளில் மாட்டிக்கொள்பவன் பத்துக் கிலோவுக்கு மேற்பட்ட சுமையுடன் மணிக்கணக்காக நடக்கிறான். வீதி திரும்பும் இடத்தில் வரிசையின் உட்புறம் நிற்பவன் ஏறக்குறைய நின்ற இடத்திலேயே காலை எடுத்து வைக்க, வெளிப்புறம் நிற்பவன் நீண்ட அடிகள் வைத்து வட்டமிட வேண்டும். ஒருவன் தன் மனம்போல் நடந்தால் வரிசை முழுவதும் குலைந்துபோகும். பதினைந்து வயதுப் பையனுக்கு இது கைவர, நூறு முறை சொல்லித்தரும் பொறுமை ஆசிரியருக்கு வேண்டும்.

இப்பயிற்சியின் கடுமையான தேர்வு 1967 பிப்ரவரி 7 அன்று வந்தது. ரெக்ஸ் பவனியில் நடக்க மார்ச்சிங் 100 அழைக்கப்பட்டிருந்தது. அந்நகரின் பேராயர் ரம்மல், இனப்பாகுபாடு பாவம் என்று 1956-லேயே சுற்றுமடல் விடுத்திருந்தார். 1962-ல் கத்தோலிக்கப் பள்ளிகளின் வாயில்களை எல்லா இனத்தவர்க்கும் திறந்தார். அதை எதிர்த்துக் கிளர்ச்சி செய்த மூவரைத் திருச்சபைக்குப் புறம்பாக்கவும் செய்தார். ஆயினும் மடல்கள் மனங்களை ஒரே நாளில் மாற்றுவதில்லை. புட்டிகளும் கற்களும் தங்கள்மீது வீசப்பட்டதை, சிறுநீர் தெளிக்கப்பட்டதை, எச்சில் உமிழப்பட்டதை அன்று நடந்தவர்கள் பிற்காலத்தில் நினைவுகூர்ந்தார்கள். எது வந்தாலும் திருப்பித் தாக்கக் கூடாது, வரிசையை விட்டு விலகக் கூடாது, வாத்தியம் நிற்கக் கூடாது என்பதே அவர்களுக்கு இடப்பட்டிருந்த கட்டளை.

அந்தப் பிள்ளைகள் இருந்த நிலையைச் சற்று எண்ணிப் பார்ப்போம். இரண்டு கைகளும் வாத்தியத்தைப் பிடித்திருக்கின்றன. உதடு உலோகத்தில் பதிந்திருக்கிறது. குழலின்மேல் ஒரு கல் பட்டால் பல் உடையும். கண்கள் முன்னால் செல்பவனின் முதுகைவிட்டு அகலக் கூடாது. வருவதைப் பார்த்து விலகவும் வழியில்லை. இத்தகைய நிலையில் பிள்ளைகளைக் கொண்டுபோய் நிறுத்தியது முறைதானா? பெற்றோராகிய நம்மில் பலர் இதைக் கேட்காமல் இருக்க மாட்டோம். இது நியாயமான கேள்வியே. பெரியவர்கள் தீர்க்கத் தவறிய வழக்கைச் சிறுவர்களின் முதுகில் ஏற்றுவது எளிதான காரியமன்று. அதற்கு ஒப்பிய தாய்மார்கள் அன்று பகல் முழுவதும் எப்படி இருந்திருப்பார்கள் என்பதையும் நாம் நினைக்கிறோம். ஆனால் ஒன்று தெளிவு. ஒரேயொரு மாணவன் கையை ஓங்கியிருந்தாலும், மறுநாள் நகரம் அவன் கையைப் பற்றியே பேசியிருக்கும், கல்லை எறிந்தவனைப் பற்றி அன்று. ஹாம்ப்டன் இதை அறிந்திருந்தார். ஆண்டுக்கணக்கில் தாம் பழக்கிய பிள்ளைகள் நிலைகுலைய மாட்டார்கள் என்பதையும் அறிந்திருந்தார். அவர்கள் செயின்ட் சார்லஸ் சாலையிலும் கனால் தெருவிலும் வாசித்துக்கொண்டே நடந்தார்கள், பவனியை முடித்தார்கள்.

அடுத்து வந்த ஆண்டுகளில் மற்றக் கறுப்பினப் பள்ளிகளின் குழுக்களும் பெரிய பவனிகளுக்குள் வந்தன. இன்று அக்குழுக்கள் இல்லாத மார்டி கிராவை அந்நகரத்தார் நினைத்துப் பார்ப்பதில்லை. வாத்தியம் வாசிக்கலாம், ஆனால் கழகத்தில் உறுப்பினராக முடியாது என்ற நிலை மட்டும் நெடுநாள் நீடித்தது. நகர மன்றம் 1991-ன் இறுதியில் சட்டம் இயற்றியபோது, பழைய கழகங்கள் சில பவனியையே கைவிட்டன. ரெக்ஸ் கழகம் தன் கதவைத் திறந்தது.

பாப்பரசர் இரண்டாம் அருள் சின்னப்பர் 1987 செப்டம்பரில் நியூ ஆர்லியன்ஸ் வந்தபோது, அவர் முன்னிலையில் மார்ச்சிங் 100 வாசித்தது. இருபது ஆண்டுகளுக்கு முன் எச்சில் ஏற்ற அதே உடையின் நிறங்களுக்கு அன்று கிடைத்த மதிப்பை நாம் விரித்துச் சொல்ல வேண்டியதில்லை.

கத்ரீனா புயல் 2005 ஆகஸ்ட் 29 அன்று நகரை வெள்ளத்தில் ஆழ்த்தியபோது பள்ளியும் மூழ்கியது. குடும்பங்கள் திசைக்கொன்றாய்ச் சிதறின. திரும்பி வந்த பிள்ளைகளுக்காக மூன்று கத்தோலிக்கப் பள்ளிகள் 2006 ஜனவரியில் ஒன்றாகச் சேர்ந்தன: புனித அகுஸ்தினார் பள்ளியும், அருட்சகோதரிகள் நடத்திய புனித மரியன்னை, சேவியர் ஆகிய இரு பெண்கள் பள்ளிகளும். ஆணும் பெண்ணுமாய் ஒரே பேண்டு அமைத்து, அவ்வாண்டு மார்டி கிராவில் அவர்கள் வீதிக்கு வந்தார்கள். பாதி வெறுமையாய்க் கிடந்த ஊரில் அந்த முரசொலி எப்படிக் கேட்டிருக்கும்!

ஹாம்ப்டன் 2009-ல் இறைவனடி சேர்ந்தார். அவரிடம் பயின்றவர்களுள் சிலர் தாமும் பேண்டு ஆசிரியர்களாகிப் பிள்ளைகளுக்கு அடி எடுத்து வைக்கச் சொல்லிக்கொடுத்தார்கள். அப்பள்ளியின் பழைய மாணவர் ஜான் பட்டிஸ்ட் என்ற இசைக்கலைஞர், ஆண்டின் சிறந்த இசைத்தொகுப்புக்கான கிராமி பரிசை 2022-ல் பெற்றார். 'வீ ஆர்' என்பது அத்தொகுப்பின் பெயர். அதே பெயருள்ள முதற்பாடலில் மார்ச்சிங் 100 குழுவின் பிள்ளைகளும் வாசித்திருக்கிறார்கள்.