மெழுகு வீடு

மும்பையில் மாட்டுங்கா ரயில் நிலையத்துக்குக் கிழக்கே தமிழ் பிராமணர்கள் வளர்த்த கோயில்களும் பஜன் சமாஜமும் உண்டு. தண்டவாளத்தைத் தாண்டி மேற்கே போனால், தாராவியை ஒட்டி லேபர் கேம்ப். இங்கும் தமிழர் நிறைய. நெல்லைச் சீமையிலிருந்து தோல் பதனிடவும் கூலி வேலைக்கும் வந்தவர்களின் பேரன் பேத்திகள். பலரும் தலித் குடும்பத்தினர். ஊரில் கோயில் வாசலுக்கு வெளியே நிறுத்தப்பட்டவர்களின் வாரிசுகள்.

தாராவியின் மிகப் பழைய இந்துக் கோயிலான கணேசர் கோயில் தமிழர் எழுப்பியது. ஆண்டு 1913. இங்கே முதல் தமிழ்ப் பள்ளி 1924-இல் வந்தது. குடியேறிய இடத்தில் சாமியையும் எழுத்தையும் அவர்கள் எவ்வளவு சீக்கிரம் தேடிக்கொண்டார்கள் என்பதற்கு இந்த இரண்டு ஆண்டுகளே சாட்சி.

ஆனாலும் குலசாமிகளான சுடலைமாடனும் இசக்கியம்மனும் ஊரில்தான் இருக்கிறார்கள். கோயில் கொடை என்றால் லீவு போட்டு ரயிலேற வேண்டும். போக முடியாதவர்கள் வரியை அனுப்பிவிடுகிறார்கள்.

நெல்லையில் ஒரே வகையறாவில் அண்ணன் வீடு வேதக்காரர்கள் (கிறிஸ்தவர்கள்), தம்பி வீடு அம்மன் கும்பிடுகிறவர்கள் என்பது சாதாரணம். இங்கேயும் அப்படியே. புதன்கிழமை மாகிம் தேவாலயத்தில், 1948 முதல் நடந்துவரும் நொவேனாவுக்கு எல்லா மதத்தாரும் வரிசையில் நிற்பார்கள். நேர்த்திக்கடனாகக் கால்வலிக்கு மெழுகுக் கால், பிள்ளை வரத்துக்கு மெழுகுக் குழந்தை, சொந்த வீட்டுக்கு மெழுகு வீடு. ஒற்றை அறையில் ஒரு குடும்பமே படுத்தெழும் தாராவியில் அந்த மெழுகு வீட்டின் கனம் எல்லோருக்கும் தெரியும்.

சட்டம் இவ்வளவு தாராளமாக இல்லை. 1950-இன் குடியரசுத் தலைவர் ஆணைப்படி பட்டியல் சாதியினர் என்ற தகுதி பெரும்பாலும் இந்துக்களுக்கே கிடைத்தது. 1956-இல் சீக்கியருக்கும் 1990-இல் பௌத்தருக்கும் விரிந்தது. கிறிஸ்தவருக்கு இன்றுவரை இல்லை. தேவாலயத்துக்குப் போனதால் சாதி இழிவு விலகிவிடவில்லை. சலுகை மட்டும் விலகியது. இது அநீதி.

கேம்புக்கு இன்னொரு வழிபாடும் உண்டு. மராத்தி தலித் எழுத்தாளர்கள் அண்ணாபாவ் சாட்டேவும் பாபுராவ் பாகுலும் வாழ்ந்த இடம் இது. அம்பேத்கர் நினைவு நாளான டிசம்பர் 6 அன்று பக்கத்து தாதரில் உள்ள சைத்திய பூமிக்கு நீலக் கொடியோடு கூட்டம் திரளும். அம்பேத்கர் நாக்பூரில் பௌத்தம் தழுவியது 1956-இல். அதற்கு 58 ஆண்டுகள் முன்பே, 1898-இல், சென்னையில் அயோத்திதாசர் சாக்கிய பௌத்த சங்கம் கண்டார். தமிழருக்கு அந்தப் பாதை புதிதல்ல.

இப்போது தாராவி மறுசீரமைப்புக் கணக்கெடுப்பு வீடு வீடாக நடந்திருக்கிறது. 2000-க்கு முன் தரைத்தளத்தில் குடியிருந்து தகுதி பெற்றவருக்குத் தாராவியிலேயே 350 சதுர அடி வீடு என்கிறது அரசு. நேர்ந்துகொண்ட வீடு கிடைத்தால் நல்லது. ஆனால் தைப் பொங்கலன்று தாராவியின் நைன்ட்டி ஃபீட் ரோட்டில் பெண்கள் வரிசையாக அடுப்பு மூட்டிப் பானை வைக்கிறார்களே, அந்தத் தெருவை மாடியில் ஏற்ற முடியாது. வரைபடம் போடுகிறவர்கள், பொங்கல் பானைக்கும் சாமி பீடத்துக்கும் வானம் தெரியும் ஒரு முற்றத்தை இப்போதே குறித்து வைக்க வேண்டும்.