வாசற்படியிலிருந்து அளக்க வேண்டும்

காவேரி நாட்டில், வரைபடத்தின் மேல் அடிக்கோலை வைத்துத் தூரம் அளப்பவர் ஏமாந்துதான் போவார். தஞ்சாவூருக்கு வடக்கே திருவையாறு சுமார் 12 கிலோமீட்டர். அதற்குள் வடவாறு, வெண்ணாறு, வெட்டாறு, குடமுருட்டி, காவேரி என்று ஐந்து ஆறுகள் குறுக்கிடுகின்றன. ஆறுகள் கிழக்கு நோக்கி ஓடுகின்றன. கரையோரச் சாலைகளும் பெரும்பாலும் அவ்வாறே செல்கின்றன. எதிர்க்கரையில் கண்ணுக்குத் தெரியும் ஊருக்குப் போகப் பாலம் இருக்கும் இடம் வரையில் சுற்ற வேண்டியிருக்கிறது. ஆகையால் இங்கே ஓர் ஊர் பக்கத்தில் இருக்கிறதா என்பதை மைல் கணக்கால் சொல்ல முடியாது. நாழிகைக் கணக்கால்தான் சொல்ல முடியும்.

நம் முன்னோர் இதை அறியாதவர்கள் அல்ல. 1861-ல் நாகப்பட்டினத்திலிருந்து தஞ்சாவூருக்கு வந்த ரயில், துறைமுகத்தை உத்தேசித்து மேற்கு கிழக்காகப் போடப்பட்டது. ஆற்றுக்கு ஆறு தாண்டித் தெற்கு வடக்காகப் போகவேண்டிய ஜனங்கள் என்ன செய்வது? தஞ்சை ஜில்லா போர்டார் நிலவரியோடு ஒரு சிறு வரியைச் சேர்த்து வசூலித்தார்கள். அந்தப் பணத்தைக் கொண்டு மாயவரத்திலிருந்து திருவாரூர், திருத்துறைப்பூண்டி வழியாக முத்துப்பேட்டை வரையில் ரயில் பாதை அமைத்தார்கள். 1894-ல் அது திறக்கப்பட்டது. வண்டியை ஓட்டியது தென்னிந்திய ரயில்வேக் கம்பெனியானாலும், பாதை ஜில்லாவின் சொத்து. குடிகளின் காசில் குடிகளுக்கு ரயில்!

பிறகு பஸ் யுகம் வந்தது. 1972-ல் கும்பகோணத்தில் சோழன் போக்குவரத்துக் கழகம் ஏற்பட்டது. 2021 மே மாதம் முதல் சாதாரணக் கட்டண நகரப் பஸ்களில் பெண்கள் கட்டணமின்றிப் பிரயாணம் செய்கிறார்கள். பஸ் எட்டாத ஊர்களுக்கென்று வகுத்த புதிய மினி பஸ் திட்டமும் 2025 ஜூன் மாதம் தஞ்சாவூரிலேயே தொடங்கி வைக்கப்பட்டது. எல்லாம் மெச்சத் தக்கவையே. ஆனால், இந்த வசதி எந்த வீட்டுக்கு எவ்வளவு எட்டுகிறது என்று அளப்பது எப்படி?

லண்டன் மாநகரில் இதற்கு ஒரு கணக்கு வைத்திருக்கிறார்கள். 1992-ல் அந்நகரின் ஒரு பகுதியில் பிறந்த முறை அது. வீட்டிலிருந்து பஸ் நிற்குமிடத்துக்கு நடக்கும் நேரம், இரண்டு பஸ்களுக்கு நடுவிலுள்ள இடைவெளியில் பாதி, பஸ் தாமதிக்கக்கூடுமென்று 2 நிமிஷம் - இவை மூன்றையும் கூட்டி, அந்தத் தொகையால் 30-ஐ வகுக்கிறார்கள். 8 நிமிஷ நடையில் பத்து நிமிஷத்துக்கு ஒரு பஸ் வந்தால் தொகை 15, மதிப்பெண் 2. அதே இடத்தில் மணிக்கு ஒரு பஸ்தான் என்றால் தொகை 40, மதிப்பெண் முக்கால். 640 மீட்டருக்கு அப்பாலுள்ள பஸ் கணக்கிலேயே சேராது!

இந்தக் கோலை அப்படியே கொண்டுவந்து நம் வயல் வரப்பில் வைத்தால், ஊர் ஊராகப் பூஜ்யம் விழும். காலையில் ஒன்று, மாலையில் ஒன்று என்று பஸ் வரும் கிராமத்தில் யாரும் பாதி நாள் சாலையில் காத்திருப்பதில்லை. நேரம் தெரிந்தே புறப்படுகிறார்கள். அவர்களுடைய கஷ்டம் போவதில் இல்லை, திரும்புவதில் இருக்கிறது. மேலும் லண்டன் கணக்கு, பஸ் அருகில் இருக்கிறதா என்று கேட்கிறதே தவிர, அது எங்கே கொண்டு போய் விடுகிறது என்று கேட்பதில்லை.

ஒரு நடவுக்காரப் பெண்ணை நினைத்துப் பாருங்கள். குழந்தைக்கு ஜுரம். 1959-ல் தொடங்கிய தஞ்சை மருத்துவக் கல்லூரியின் ஆஸ்பத்திரிக்குக் காலைப் பஸ்ஸில் வருகிறாள். வைத்தியம் பத்தரை மணிக்கு முடிந்துவிடுகிறது. ஊருக்குப் பஸ் மாலையில்தான். டிக்கெட்டுக்குக் காசில்லை என்பது உண்மையே. ஆனால் ஒரு நாள் கூலி போயிற்று! அந்தக் கூலிதான் அவள் கொடுத்த கட்டணம். "பஸ் வசதி உண்டு" என்று ஊர்ப் பதிவேட்டில் எழுதுகிறவர் இந்தக் கட்டணத்தை எந்தக் கலத்தில் எழுதுவார்?

ஆகவே நமது ஜில்லாக்களுக்கு ஏற்ற அளவுகோல் வேறு. வாசற்படியிலிருந்து புறப்பட்டு, ஆஸ்பத்திரி, கல்லூரி, சந்தை ஆகியவற்றுக்குப் போய், காரியத்தை முடித்துக்கொண்டு, மறுபடி வாசற்படியை மிதிக்க எத்தனை நேரம்? இதுவே கேட்க வேண்டிய கேள்வி. பாலம் இல்லாத குறை, கடைசிப் பஸ் சீக்கிரம் போய்விடும் குறை, மழைக்காலத்தில் சேறாகும் பாதை எல்லாம் இந்த ஒரே விடையில் வெளிப்பட்டுவிடும்.

இதற்குப் பெரிய நிபுணர்கள் வேண்டியதில்லை. காந்தி ஜயந்தியன்று கூடும் கிராம சபையில் ஒவ்வொரு தெருவாரும் தங்கள் நேரத்தைச் சொல்லட்டும்; பஞ்சாயத்தார் எழுதி வைக்கட்டும். அந்தக் காகிதங்களை வரிசையாக வைத்துப் பார்த்தால், அடுத்த மினி பஸ் எந்தத் தெருவுக்குப் போகவேண்டும், அடுத்த பாலம் எந்த ஆற்றில் எழும்ப வேண்டும் என்பது விளங்கிவிடும். அன்று வரி கொடுத்து ரயில் பாதை போட்ட நாட்டுக்கு, இன்று ஒரு காகிதத்தில் நேரம் எழுதுவது பெரிய காரியமா?