அரசர்கள் போனார்கள், கவிஞர்கள் தங்கினார்கள்

ஈராக்கின் வடக்கே, குர்திஸ்தான் பிரதேசத்தின் தலைநகரான எர்பிலில் யாரைக் கேட்டாலும் தங்கள் கோட்டைமேட்டுக்கு ஆறாயிரம் வயது என்று மார்தட்டுவார்கள். அங்கிருந்து தென்கிழக்கே, ஈரான் எல்லை மலைகளின் மடியில் இருக்கும் சுலைமானியாவுக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. அது 1784இல் பிறந்த ஊர். மேட்டுக் கோட்டையும் கிடையாது, மன்னர் மாளிகை என்று காட்டிக்கொள்ளவும் பெரிதாக ஒன்றும் கிடையாது. ஆனாலும் குர்து மொழி, குர்துப் பத்திரிகை, குர்து அரசியல் என்று எந்தப் பேச்சை எடுத்தாலும் கடைசியில் அது இந்த ஊருக்குத்தான் வந்து சேரும்.

ஊரை உண்டாக்கியவர் இப்ராஹிம் பாஷா. பாபான் என்ற குர்துச் சிற்றரசர் குடும்பத்தைச் சேர்ந்தவர். ஒரு பக்கம் உஸ்மானியப் பேரரசு, மறுபக்கம் பாரசீகம். இரண்டுக்கும் நடுவில், இன்று இவரோடு நாளை அவரோடு என்று காலம் தள்ளிய வம்சம் அது. மலைகளுக்குள் ஒடுங்கிக் கிடந்த கலா சோலான் என்ற பழைய தலைநகரை விட்டு, கோய்ஜா மலையின் அடிவாரத்துக்கு இப்ராஹிம் இறங்கிவந்தார். ஊர்ப்பெயரில் இருக்கும் சுலைமான் அவருடைய குடும்பத்தவரா, அன்றைய பாக்தாத் ஆளுநரா என்பதில் இன்றுவரை வழக்கு தீரவில்லை.

கிழக்கிந்தியக் கம்பெனியின் பாக்தாத் பிரதிநிதியாக இருந்த கிளாடியஸ் ஜேம்ஸ் ரிச் 1820இல் இங்கே வந்து தங்கினார். அவர் பார்த்தது மண்சுவர் வீடுகள் நிறைந்த ஒரு சிற்றூர். முஸ்லிம்களோடு யூதர்கள், கல்தேயக் கிறிஸ்தவர்கள், ஆர்மீனியர்களின் குடும்பங்களும் அங்கே இருந்தன. ரிச் மறு வருடமே ஷிராஸில் காலராவுக்குப் பலியானார். அவருடைய குர்திஸ்தான் குறிப்புகள் 1836இல் நூலாக வெளிவந்தன. அந்த மண்வீடுகளுக்குள் அப்போது நடந்துகொண்டிருந்த பெரிய காரியம் கட்டடம் சம்பந்தப்பட்டது அல்ல.

அந்தக் காலத்தில் படித்த குர்துகள் கடிதம் எழுதியது பாரசீகத்தில், மதநூல் கற்றது அரபியில். எல்லைக்கு அப்பால் பாபான்களுக்குப் போட்டியாக இருந்த அர்தலான் அரசவையில் கோரானி என்ற இன்னொரு மொழியில் கவிதை செழித்தது. சுலைமானியா அவையோ, தெருவில் பேசிய பேச்சையே கவிதைக்குரியதாக ஏற்றுக்கொண்டது. போட்டி மனப்பான்மையும் இதற்கு ஒரு காரணமாக இருந்திருக்கலாம். நாலி, சாலிம், குர்தி என்ற மூன்று கவிஞர்கள் அந்தப் பேச்சுமொழியைப் பாரசீக யாப்பிலும் கஜலிலும் ஏற்றி நிறுத்திவிட்டார்கள். இன்று ஈராக்கியக் குர்திஸ்தானின் பெரும்பகுதியில் பள்ளிக்கூடப் புத்தகமும் செய்தித்தாளும் அச்சாகும் சோரானி அங்கே வேர்பிடித்ததுதான்.

பாபான்களின் ஆட்சி 1850ஐ ஒட்டி முடிந்தது. உஸ்மானியர்கள் நேரடி ஆட்சியைக் கொண்டுவந்தார்கள். அப்போது ஊரைவிட்டுத் தொலைவில் இருந்த நாலி, தன் நண்பர் சாலிமுக்குக் கவிதையிலேயே ஒரு கடிதம் எழுதினார். ஊர் எப்படி இருக்கிறது, பழகிய இடங்களும் பழகிய மனிதர்களும் அப்படியே இருக்கிறார்களா, நான் திரும்பி வரலாமா என்று கேட்டது அந்தக் கடிதம். சாலிமின் பதிலும் கவிதைதான். வராதே, நீ அறிந்த ஊர் இப்போது இல்லை என்பதுதான் அதன் சாரம். குர்து வாசகர்கள் இன்றும் இந்த இரண்டையும் ஜோடியாகவே படிக்கிறார்கள். நாலி கடைசிவரை ஊர் திரும்பவில்லை.

இருபதாம் நூற்றாண்டில் காட்சி மாறுகிறது. முதல் உலகப் போரின் முடிவில் பிரிட்டிஷார் வந்தபோது, ஊரில் பெருமதிப்புப் பெற்ற ஷேக் மஹ்மூத் பர்ஸன்ஜியை ஆளுநர் ஆக்கினார்கள். அவர் 1919இல் அவர்களையே எதிர்த்து எழுந்தார். பாஸியான் கணவாயில் நடந்த சண்டையில் காயம்பட்டுப் பிடிபட்டார். மரண தண்டனை விதித்தார்கள். பிறகு அதைக் குறைத்து இந்தியாவுக்கு நாடு கடத்தினார்கள். துருக்கியர்கள் எல்லையில் நெருக்கவே, 1922இல் அதே மனிதரைப் பிரிட்டிஷார் திரும்ப அழைத்துவர வேண்டியதாயிற்று. வந்தவர் அந்த நவம்பரிலேயே தன்னைக் குர்திஸ்தானின் அரசர் என்று அறிவித்துவிட்டார்!

இந்தக் கதையில் அரசரைவிடச் சுவாரசியமான பாத்திரம் ஓர் அச்சு இயந்திரம். பிரிட்டிஷ் அதிகாரி ஈலி சோன் அதைக் கொண்டுவந்து, 1920இல் ‘பேஷ்கவ்தின்’ என்ற குர்து வார இதழைத் தொடங்கினார். ஆட்சிக்கு நல்ல பெயர் தேடுவதுதான் நோக்கம். இரண்டே வருடத்தில் அதே இயந்திரத்தில் ஷேக் மஹ்மூதின் அரசு தன் பத்திரிகையை அச்சிட்டது. 1923இல் பிரிட்டிஷ் விமானங்களுக்குப் பயந்து ஷேக் மலைக்கு ஒதுங்கியபோது இயந்திரமும் கூடவே போனது. ஜாசனா என்ற குகைக்குள் வைத்து ‘பாங்கி ஹக்’ என்ற இதழை அடித்தார்கள். தப்பி ஓடும்போது துப்பாக்கியோடு ஈய எழுத்துகளையும் சுமந்துகொண்டு போன படைகள் உலக வரலாற்றில் எத்தனை இருக்கும்?

அரசு 1924இல் கவிழ்ந்தது, பத்திரிகைப் பழக்கம் நிற்கவில்லை. பழைய இஸ்தான்புல்வாசியும் கவிஞருமான பீரமேர்த் ‘ழீன்’ இதழை 1950இல் தான் இறக்கும்வரை நடத்தினார். வசந்தம் பிறக்கும் நவ்ரோஸ் நாளில் மாமாயாரா குன்றின்மேல் தீ வளர்த்து, ஊர் கூடிக் கொண்டாடும் வழக்கத்தை இங்கே உயிர்ப்பித்தவரும் அவரே. அவர் எழுதிய நவ்ரோஸ் பாட்டு இல்லாமல் இன்றும் விழா இல்லை. அந்தக் குன்றில்தான் அவரை அடக்கம் செய்திருக்கிறார்கள். ஷேக் மஹ்மூதின் குடும்பத்தைச் சேர்ந்த ஹஃப்ஸா கான் என்ற பெண்மணி, குர்துகளின் உரிமை கேட்டு 1930இல் ஜெனிவாவிலிருந்த சர்வதேச சங்கத்துக்கே கடிதம் எழுதினார். அதே ஆண்டு செப்டம்பர் 6 அன்று அரசு அலுவலகத்தின் முன் கூடிய மக்கள்மீது படை சுட்டது. ஊர் அந்த நாளை இன்னும் மறக்கவில்லை.

பாத் கட்சி ஆட்சிக்கு இந்த ஊரை எப்போதுமே பிடிக்காது. 1968இல் தொடங்கிய சுலைமானியா பல்கலைக்கழகத்தை, மாணவர் தொல்லை தாங்காமல், 1981இல் பெயர்த்து எர்பிலுக்குக் கொண்டுபோய்விட்டார்கள். 1988இல் அன்ஃபால் என்ற பெயரில் குர்துக் கிராமங்களைத் துடைத்தெறிந்தார்கள். அந்த மார்ச் 16 அன்று அருகிலுள்ள ஹலப்ஜாமீது வீசிய நச்சுக் குண்டுகளில் சுமார் ஐயாயிரம் பேர் மாண்டார்கள்.

ஊருக்குள்ளேயே பாதுகாப்புத் துறையின் செந்நிறக் கட்டடம் ஒன்று இருந்தது. அம்னா சூரகா என்றால் பிள்ளைகள்கூட நடுங்கும். 1991 மார்ச் எழுச்சியில் மக்களும் பெஷ்மெர்கா வீரர்களும் அதைப் பிடித்தார்கள். இப்போது அது அருங்காட்சியகம். சுவரில் துளைத்த குண்டுகளின் தடங்களை யாரும் பூசி மறைக்கவில்லை. உள்ளே நுழைந்ததும் ஒரு நீண்ட வளைவுக்கூடம். சுவரெங்கும் கண்ணாடிச் சில்லுகள், கூரையில் சின்னச் சின்ன விளக்குகள். சில்லு ஒவ்வொன்றும் அன்ஃபாலில் இறந்த ஒருவருக்கு, விளக்கு ஒவ்வொன்றும் அழிந்த ஒரு கிராமத்துக்கு. சில்லுகள் 1,82,000, விளக்குகள் 4,500. இறந்தவர்களின் தொகையாகக் குர்துகள் சொல்வது அந்த 1,82,000. மனித உரிமைகள் கண்காணிப்பகத்தின் மதிப்பீடு ஐம்பதாயிரம் முதல் ஒரு லட்சம் வரை. எந்தக் கணக்கை எடுத்துக்கொண்டாலும், அந்தக் கூடத்தில் நடப்பவரின் முகம் ஆயிரம் துண்டாக உடைந்து எதிரே தெரியும்.

நகரின் இன்னோர் அருங்காட்சியகம் வேறு காரணத்துக்காகப் பெயர் பெற்றது. 2003 போருக்குப் பிறகு தென் ஈராக்கின் தொல்லியல் மேடுகளைத் திருடர்கள் தோண்டித் தள்ளினார்கள். சரக்கு நாட்டைவிட்டுப் போய்விடக் கூடாதென்று, விற்றவரிடம் கேள்வி கேட்காமல் காசு கொடுத்து வாங்கிவைத்தது ஸ்லேமானி அருங்காட்சியகம். திருட்டுக்கு இது தீனி போடாதா என்று கேட்பவர்கள் உண்டு, நியாயமான கேள்விதான். அப்படி 2011இல் வந்த களிமண் பலகைகளில் ஒன்றை 800 டாலருக்கு வாங்கினார்கள். உள்ளங்கையைவிடச் சற்றே பெரியது. பேராசிரியர்கள் ஃபாரூக் அல்-ராவியும் ஆண்ட்ரூ ஜார்ஜும் படித்துப் பார்த்தபோது, அது கில்காமேஷ் காவியத்தின் ஐந்தாம் பலகையின் ஒரு பகுதி என்று தெரிந்தது. அதுவரை யாரும் அறியாத வரிகள் அதில் இருந்தன. தேவதாரு வனம் பறவைகளும் சில்வண்டுகளும் குரங்குகளும் போடும் சத்தத்தால் நிறைந்திருக்கிறது. வனக் காவலன் ஹும்பாபா வெறும் பூதமாக இல்லாமல், காட்டின் இசை கேட்கும் ஒரு ராஜாவைப்போல் வருகிறான். அவனைக் கொன்று மரங்களை வெட்டியபின் வீரர்களின் மனம் உறுத்துகிறது.

பாத் ஆட்சியின் ராணுவ முகாம் இருந்த இடத்தில் இன்று ஆசாதி பூங்கா இருக்கிறது. மாலையில் குடும்பம் குடும்பமாக வருகிறார்கள். 2013இல் மறைந்த கவிஞர் ஷெர்கோ பேகஸ் தன் விருப்பப்படியே இங்கே உறங்குகிறார். கடைத்தெருவில் உள்ள ஷஅப் தேநீர்க் கடையின் சுவர் முழுக்க எழுத்தாளர்கள், கலைஞர்களின் படங்கள்; கீழே இஸ்திகான் எனும் சிறு கண்ணாடிக் குவளையில் கட்டாஞ்சாயாவும், டோமினோ ஆட்டமும், ஓயாத வாக்குவாதமும்.

யுனெஸ்கோ 2019இல் சுலைமானியாவை இலக்கிய நகரங்களின் வரிசையில் சேர்த்தது. அரசியல்வாதிகள் மகிழ்ந்தார்கள். ஆனால் இந்த ஊரின் எழுத்து அவர்களை அவ்வளவு மகிழ்விப்பதில்லை. கட்சிகளின் பிடியில் இல்லாத ‘ஹவ்லாத்தி’ பத்திரிகை 2000இல் இங்கிருந்துதான் வெளிவந்தது. 2011 பிப்ரவரி தொடங்கி இரண்டு மாதம், இரண்டு ஆளும் குடும்பங்களின் ஊழலை எதிர்த்து மக்கள் கூடியது இங்குள்ள சரா சதுக்கத்தில்தான். படை இறங்கிக் கலைத்தது; உயிர்களும் போயின. சில வருடங்களாக அரசுச் சம்பளம் மாதக்கணக்கில் தாமதமாகிறது. அப்போதெல்லாம் ஆசிரியர்கள் வகுப்பைப் புறக்கணித்து முழக்கத்தோடு தெருவில் இறங்குவதும் பெரும்பாலும் சுலைமானியாவில்தான்.