விமானத்துக்குள் துப்பாக்கி வெடித்தால் கேபின் கிழிஞ்சிடுமா?

'கோல்டுஃபிங்கர்' (1964) பார்த்தவர்களுக்கு அந்தக் காட்சி நினைவிருக்கும். விமானத்துக்குள் துப்பாக்கி வெடிக்கும், ஜன்னல் உடையும், வில்லன் அந்த வழியாகவே வெளியே போய்விடுவான். நிஜத்திலும் அப்படித்தான் நடக்கும்னு நானும் ரொம்ப நாள் நம்பிக்கிட்டிருந்தேன். உட்கார்ந்து கணக்குப் போட்டதும்தான் கதை வேறு என்று புரிந்தது.

முதலில் அழுத்தம். 35,000 அடி உயரத்தில் வெளியே இருக்கும் காற்றழுத்தம், தரைமட்டத்தில் இருப்பதில் கால்வாசிகூட இல்லை. கேபினுக்குள் முக்கால்வாசி இருக்கும். இந்த வித்தியாசம் ஒரு சதுர சென்டிமீட்டருக்கு ஏறக்குறைய அரை கிலோ. 9 மி.மீ. தோட்டா போடும் ஓட்டையின் பரப்பு சுமார் 0.64 சதுர சென்டிமீட்டர். ஆக, அங்கே காற்று தள்ளும் விசை முந்நூறு கிராம் சொச்சம்தான். ஆளை இழுக்கிற சமாச்சாரமே இல்லை.

சரி, காற்றெல்லாம் வெளியே போய்விடாதா? விமானம் கட்டிவைத்த பலூன் இல்லீங்க. ஒரு பக்கம் புதுக்காற்று வந்துகொண்டே இருக்கும். இன்னொரு பக்கம் ஒரு வால்வு பழைய காற்றை வெளியே விட்டுக்கொண்டே இருக்கும். அமெரிக்க விதிப்படி ஆளுக்கு நிமிடத்துக்கு 0.55 பவுண்டு, அதாவது 250 கிராம் புதுக்காற்று தர வேண்டும். 180 பேர் என்றால் 45 கிலோ. தோட்டா ஓட்டை வழியாகப் போவது நிமிடத்துக்குச் சுமார் 700 கிராம். மூன்று பேர் பங்குகூட இல்லை! வால்வு கொஞ்சம் மூடிக்கொண்டால் சரியாப்போச்சு.

ஓட்டை பெரிசாகிக் கிழிஞ்சிடாதா? விரிசல் ஓடாமல் தடுக்கத்தான் அலுமினியத் தகட்டுக்குப் பின்னால் சட்டங்கள் வைக்கிறார்கள். 1988 ஏப்ரல் 28 அன்று அலோஹா ஏர்லைன்ஸ் 243-ன் கூரை 24,000 அடியில் சுமார் 18 அடி நீளத்துக்குப் பிய்த்துக்கொண்டு போனது. ஒரு பணிப்பெண் இறந்தார். ஆனால் அது கிட்டத்தட்ட 90,000 முறை பறந்த விமானம். ரிவெட் வரிசையில் பல இடங்களில் விரிசல்கள் ஏற்கெனவே இருந்தன. அப்படியிருந்தும் மீதி 94 பேரோடு மாவி தீவில் இறங்கியது.

ஜன்னல் முழுசாகப் போனால் மட்டும் கதை வேறு. 25-க்கு 35 செ.மீ. என்று வைத்துக்கொண்டாலும் விசை 400 கிலோவைத் தாண்டும். 2018 ஏப்ரலில் சவுத்வெஸ்ட் 1380-ல் எஞ்சின் உடைந்து ஜன்னல் போனது. பாதி உடல் வெளியே இழுக்கப்பட்ட பயணி ஒருவர் இறந்தார். ஆனால் அந்த ஜன்னல்கள் பல அடுக்கு அக்ரிலிக். தோட்டா பட்டால் பொதுவாகத் துளைதான் விழும், வீட்டுக் கண்ணாடி மாதிரி நொறுங்காது.

2008 மார்ச்சில் யூஎஸ் ஏர்வேஸ் விமானி ஒருவரின் துப்பாக்கி காக்பிட்டிலேயே தவறுதலாக வெடித்து, தோட்டா சுவரைத் துளைத்து வெளியே போனது. விமானம் பத்திரமாகத் தரையிறங்கியது. அது இறங்கிக்கொண்டிருந்த நேரம் என்பதால் இதை முழு நிரூபணமாக நான் எடுத்துக்கொள்ளவில்லை.

அப்போ பயப்பட ஒன்றுமே இல்லையா? இருக்கு. 1987 டிசம்பர் 7 அன்று பிஎஸ்ஏ 1771-ல், வேலையிலிருந்து நீக்கப்பட்ட ஓர் ஊழியர் துப்பாக்கியோடு ஏறினார். கலிஃபோர்னியாவில் விமானம் விழுந்து 43 பேரும் இறந்தார்கள். சுவரில் விழுந்த ஓட்டையால் அல்ல, விமானிகள் சுடப்பட்டதால். அதற்குப் பிறகுதான் அங்கே விமான நிறுவன ஊழியர்களையும் சோதிக்கும் விதி வந்தது.

படம் நம்மைச் சுவரைப் பார்த்துப் பயப்பட வைத்துவிட்டது. பார்க்க வேண்டியது காக்பிட் கதவை.