பிராண்டுக்கு முன் அலையைக் கேளுங்கள்

ஒயரிங் வேலை நடந்துகொண்டிருக்கும்போதே இந்தப் பேச்சை எடுத்தது நல்லது. சுவர் பூசி, பெயிண்ட் அடித்து, பால் காய்ச்சிய பிறகு வந்து கேட்பவர்களுக்குச் சொல்ல முடிவது கொஞ்சம்தான். டீயை எடுத்துக்கொள்ளுங்கள், நிதானமாகப் பேசலாம்.

ஸ்மார்ட் ஸ்விட்ச், ஸ்மார்ட் பல்ப் எந்த கம்பெனியில் வாங்கலாம் என்றுதான் எல்லோரும் தொடங்குகிறார்கள். அந்தக் கேள்வியை இரண்டாவதாக வைத்துக்கொள்வோம். அந்தப் பொருள் எந்த வயர்லெஸ் முறையில் பேசுகிறது என்பதுதான் முதல் கேள்வி. விலை மாறும், ஆப் மாறும், கம்பெனியே கை மாறும். உள்ளே இருக்கும் ரேடியோ மட்டும் அந்தப் பொருள் சுவரில் இருக்கிறவரை மாறாது.

கடைகளில் மலிவாகக் கிடைப்பவற்றில் பெரும்பாலானவை வைஃபை. ரவுட்டர் ஏற்கெனவே வீட்டில் இருக்கிறது, பொருள்களை இணைக்கும் ஹப் என்ற பெட்டியைத் தனியாக வாங்க வேண்டாம், ஆப்பை இறக்கி பாஸ்வேர்டைப் போட்டால் வேலை முடிந்தது. ஒரு ஏசி, ஒரு கேமரா, ஒன்றிரண்டு பிளக் என்ற அளவில் நிற்பவர்களுக்கு இதுவே போதும். கேமராவுக்கு வைஃபையை அல்லது கேபிளைத்தான் நம்ப வேண்டும். மற்ற முறைகளுக்கு வீடியோவைச் சுமக்கும் தெம்பு கிடையாது.

இந்த வைஃபைப் பொருள்களில் பல 2.4 கிகாஹெர்ட்ஸில் மட்டுமே இயங்கும். அது குறையில்லை. செங்கல் சுவரையும் கான்கிரீட் தளத்தையும் 5 கிகாஹெர்ட்ஸைவிட அதுதான் நன்றாகக் கடக்கும். ரவுட்டர் இரண்டு அலைகளையும் ஒரே பெயரில் காட்டும்போதுதான் சில சமயம் சிக்கல்: போன் 5-இல் நிற்கும், பல்ப் 2.4-இல் தேடும், இணைப்பு பாதியில் நின்றுவிடும். ரவுட்டர் அமைப்பில் 5-ஐக் கொஞ்ச நேரம் அணைத்துவிட்டு இணைத்துப் பாருங்கள்.

வைஃபையில் எனக்கு உள்ள பெரிய மனக்குறை வேறு. சோபாவில் உட்கார்ந்து தலைக்கு மேலே உள்ள விளக்கைப் போனில் போடுகிறீர்கள். இப்படிப்பட்ட பல பொருள்களில் அந்தக் கட்டளை ரவுட்டர் வழியாக வெளியேறி, எங்கோ உள்ள கம்பெனி சர்வரைத் தொட்டு, மறுபடி உங்கள் வீட்டுக்கே திரும்பி வந்துதான் விளக்கை எரியவிடுகிறது. இன்டர்நெட் போனால் ஆப் வேலை செய்யாது. கம்பெனியே போனால்? அமெரிக்காவில் அதுவும் நடந்திருக்கிறது. ரிவால்வ் என்ற ஹப்பின் சேவையை அதை வாங்கிய நெஸ்ட் நிறுவனம் 2016 மே மாதம் நிறுத்தியது. காசு கொடுத்து வாங்கிய ஹப் அன்றோடு செயலிழந்தது. 2022 ஏப்ரலில் இன்ஸ்டியான் நிறுவனத்தின் சர்வர்கள் முன்னறிவிப்பின்றி நின்றுபோயின. பல வருடங்களாக அதை நம்பி வீட்டை அமைத்தவர்களின் ஆப் ஒரே நாளில் ஊமையானது. அந்தப் பொருள்கள் எதுவும் பழுதாகவில்லை என்பதை நினைத்தால்தான் வயிறு எரிகிறது.

அதனால்தான், கட்டளையை வீட்டுக்குள்ளேயே கடத்தக்கூடிய ஜிக்பீ என்ற முறையைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். இதுவும் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைதான், ஆனால் வேகம் நொடிக்கு 250 கிலோபிட் மட்டும். "கதவு திறந்தது", "விளக்கை அணை" என்ற சின்னச் செய்திக்கு அதற்கு மேல் எதற்கு? சென்சார் பெரும்பாலான நேரம் தூங்கும். சேதி இருந்தால் விழித்து, சொல்லிவிட்டு மறுபடி தூங்கும். ஆகவே பொத்தான் அளவு பேட்டரி ஒன்றிலேயே ஒரு வருடம், இரண்டு வருடம் ஓடும். அதே சென்சாரை வைஃபையில் வாங்கினால் பேட்டரி மாற்றும் வேலை அடிக்கடி வரும்.

இன்னொரு பலம், செய்தி நகரும் விதம். கட்டட வேலையில் சித்தாள்கள் வரிசையாக நின்று செங்கலைக் கைமாற்றி மாடிக்கு ஏற்றுவதைத் தினமும் பார்க்கிறீர்கள் அல்லவா? ஜிக்பீயில் கரன்டில் ஓடும் பெரும்பாலான பொருள்கள் அப்படிக் கை நீட்டும். ஹாலில் உள்ள ஹப்பின் குரல் மொட்டைமாடித் தண்ணீர்த் தொட்டிக்கு நேராக எட்டாது. நடுவில் உள்ள படிக்கட்டு ஸ்விட்ச் அதை வாங்கி மாடி அறைப் பிளக்குக்குக் கொடுக்கும், பிளக் மேலே அனுப்பும். இதை மெஷ் என்கிறார்கள். பேட்டரியில் ஓடும் சென்சார்கள் இந்த வரிசையில் நிற்காது. எனவே மாடிக்குச் சென்சார் வைப்பதற்கு முன், வழியில் கரன்டில் ஓடும் ஜிக்பீப் பொருள் ஏதாவது இருக்கட்டும்.

இதிலிருந்தே அடுத்த முடிவும் வருகிறது. ஸ்மார்ட் பல்ப் வேண்டாம், ஸ்மார்ட் ஸ்விட்ச் வாங்குங்கள். நம் வீடுகளில் அம்மாவோ விருந்தாளியோ அறையை விட்டு வரும்போது கை தானாகச் சுவர் ஸ்விட்சுக்குத்தான் போகும். ஸ்விட்சை அணைத்தால் பல்புக்குக் கரன்ட் இல்லை, ஆப்புக்குப் பதில் இல்லை, அது நின்ற இடத்தில் மெஷ் வரிசையும் அறுந்துவிடும். ஸ்விட்ச் போர்டின் பின்னால் பொருத்தும் சிறு மாட்யூலில் இந்தத் தொல்லை இல்லை. பழைய ஸ்விட்ச் பழையபடி வேலை செய்யும், ஆப்பும் வேலை செய்யும். இப்போதே எலக்ட்ரீஷியனிடம் இரண்டு விஷயம் சொல்லிவிடுங்கள்: ஒவ்வொரு ஸ்விட்ச் பெட்டிக்கும் நியூட்ரல் ஒயர் வர வேண்டும், பெட்டி ஆழமானதாக இருக்க வேண்டும். இந்த மாட்யூல்களில் பலவற்றுக்கு நியூட்ரல் தேவை. பூச்சு முடிந்த பிறகு அதைக் கொண்டுவருவது சுவரை உடைக்கிற வேலை. ஹால் நடுவிலும் மாடியிலும் ஒரு லேன் கேபிள் முனை விடச் சொல்வதும் நல்லது.

ஜிக்பீக்கு ஒரு ஹப் தேவை. அதை ரவுட்டர்மேல் ஒட்டி வைக்காதீர்கள். இரண்டும் ஒரே அலைப்பட்டையில் பேசுவதால் ஒன்றின் இரைச்சல் மற்றதைக் கெடுக்கும். சில அடி தள்ளி வைத்தாலே போதும்.

இசட்-வேவ் என்று ஒன்று உண்டு. வைஃபை கூட்டத்தை விட்டு விலகி, 1 கிகாஹெர்ட்ஸுக்குக் கீழே பேசுவதால் சுவர்களை இன்னும் நன்றாகக் கடக்கும். ஆனால் அலைவரிசை நாட்டுக்கு நாடு வேறு. இந்தியாவில் 865.2 மெகாஹெர்ட்ஸ், ஐரோப்பாவில் 868.42, அமெரிக்காவில் 908.42. டெக்சாஸிலிருந்து வரும் மருமகன் ஆசையாக வாங்கி வரும் இசட்-வேவ் ஸ்விட்ச் இங்கே வாங்கிய ஹப்போடு பேசாது. இங்கே 908 மெகாஹெர்ட்ஸ் செல்போன் சேவைக்குரிய பட்டை, வீட்டில் அதைப் பயன்படுத்தவும் கூடாது. போதாததற்கு மின்னழுத்தமும் வேறு. "வேண்டாம் மாப்பிள்ளை" என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

இப்போது கடைகளில் அடிக்கடி கேட்கும் இரண்டு பெயர்கள் த்ரெட், மேட்டர். இரண்டையும் போட்டுக் குழப்பிக்கொள்பவர்கள் அதிகம். த்ரெட் என்பது ஜிக்பீ பயன்படுத்தும் அதே வகை ரேடியோவில் ஓடும் இன்னொரு மெஷ். ஒவ்வொரு பொருளுக்கும் இணைய முகவரி உண்டு. வீட்டு நெட்வொர்க்கோடு அதைச் சேர்க்க பார்டர் ரவுட்டர் என்ற ஒன்று வேண்டும். சில ஸ்மார்ட் ஸ்பீக்கர்களுக்குள்ளேயே அது இருக்கிறது. மேட்டர் ஒரு ரேடியோ இல்லை. வைஃபை, த்ரெட், ஈதர்நெட் ஆகியவற்றின் மேல் ஓடும் பொது விதிமுறை. அமேசான், ஆப்பிள், கூகுள் ஆகியவையும் ஜிக்பீ கூட்டமைப்பும் சேர்ந்து 2019 டிசம்பரில் அறிவித்து, 2022 அக்டோபரில் முதல் பதிப்பை வெளியிட்டன. ஒரே ஸ்விட்சை ஆப்பிள் போன் வைத்திருக்கும் மகளும் ஆண்ட்ராய்டு வைத்திருக்கும் அப்பாவும் அவரவர் ஆப்பிலிருந்து இயக்கலாம். அதைவிட முக்கியம், கட்டளை வீட்டுக்குள்ளேயே பயணிக்கும் என்பது. பெட்டியில் மேட்டர் முத்திரை இருந்தால் அடுத்து ஒன்று பாருங்கள்: வைஃபை வழி மேட்டரா, த்ரெட் வழி மேட்டரா? இரண்டாவது என்றால் பார்டர் ரவுட்டர் இல்லாமல் அது இயங்காது. முத்திரை இருந்தும் இணையவில்லை என்ற புகார்களில் இதை முதலில் சோதிப்பது என் வழக்கம்.

புளூடூத்தை நீளமாகப் பேச வேண்டாம். பூட்டுக்கும், புதுப் பொருளை முதன்முதலில் சேர்ப்பதற்கும் அது உதவும். வீடு முழுக்க நம்பி வைக்க நான் சொல்லமாட்டேன்.

கரன்ட் விஷயம் ஒன்று பாக்கி. ரவுட்டரையும் ஹப்பையும் இன்வெர்ட்டர் லைனில் போடுங்கள். கரன்ட் போய்த் திரும்பும்போது எந்த நிலைக்கு வர வேண்டும் என்ற அமைப்பு நல்ல ஸ்விட்சுகளில் உண்டு. அதைப் பார்க்காமல் விட்டால் நள்ளிரவில் கரன்ட் வரும்போது படுக்கையறை விளக்குகள் எல்லாம் எரியலாம். மோட்டாருக்கும் கீசருக்கும் அந்த அமைப்பு 'அணைந்தே இரு' என்றுதான் இருக்க வேண்டும். கீசருக்கு 16 ஆம்பியர் தாங்கும் ஸ்விட்ச் வேண்டும். விளக்குக்கான மாட்யூலை அதில் மாட்டாதீர்கள், தீப்பிடிக்கும் ஆபத்து.

இவ்வளவும் கேட்ட பிறகு என் தேர்வு இது. கேமராவும் ஏசியும் வைஃபை. கதவு, அசைவு, தண்ணீர் மட்டம் பார்க்கும் சென்சார்கள் ஜிக்பீ. விளக்கு, விசிறி ஸ்விட்சுகள் ஜிக்பீ அல்லது மேட்டர், இரண்டில் உங்கள் ஊரில் சர்வீஸ் கிடைப்பது எதுவோ அது. வாசல் பூட்டில் சாவித் துளை இல்லாவிட்டால் எந்த அலையானாலும் வாங்காதீர்கள்.

காசு கொடுப்பதற்கு முன் விற்பவரிடம், இன்டர்நெட்டைத் துண்டித்துவிட்டு அதே ரவுட்டரில் இயக்கிக் காட்டச் சொல்லுங்கள். தயங்காமல் காட்டினால் வாங்குங்கள். மழுப்பினால் அந்தப் பொருளை மோட்டாருக்கும் கதவுக்கும் வைக்காதீர்கள்.